குட்டி டிராக்டரின் கறும்புகை: பழி டீசலுக்கா, காற்றுக்கா?

சென்னையில் மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டி செங்குன்றம், சோழவரம், பொன்னேரி என்று வடக்கே போகப் போக மினி டிராக்டர்கள் கண்ணில் படத் தொடங்கும். சேற்றுழவுக்குப் போகிறவை, தண்ணீர் டேங்க் இழுப்பவை, செங்கல்லும் ரப்பிஷும் ஏற்றுபவை. இவற்றில் ஒன்று கொஞ்சம் அதிகமாகப் புகைத்தால் போதும், டீக்கடையில் தீர்ப்பு தயார். "பங்க்ல டீசல் சரியில்லண்ணா, மண்ணெண்ணெய் கலந்துட்டான்" என்பார் ஒருவர். "புகை தள்ளுனாத்தாம்பா வண்டி இழுக்குதுன்னு அர்த்தம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் வைத்தியமே சொல்லிவிடுவார்: "இப்ப வர்ற பிஎஸ்-6 டீசல்ல பசையே இல்ல நைனா, கொஞ்சம் 2டி ஆயில் ஊத்து." (பிஎஸ் என்பது 'பாரத் ஸ்டேஜ்', வண்டிப் புகைக்கும் எரிபொருளுக்கும் அரசு வைத்திருக்கும் தர வரிசை. 2டி என்பது டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்.)

மூன்று பேச்சிலும் இருப்பது ஒரே குழப்பம்தான். கண்ணுக்குத் தெரியும் புகை, கண்ணுக்குத் தெரியாமல் உடம்பைக் கெடுக்கும் வாயு, டீசலின் தரம் ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். நல்ல டீசல் ஊற்றிய வண்டியும் கறும்புகை கக்கும். மோசமான டீசல் ஊற்றிய வண்டி பல வாரம் புகையே இல்லாமல் ஓடும். உள்ளே பம்ப் தேய்ந்துகொண்டிருக்கும். மூன்றையும் பிரித்துப் பார்த்தால் எதற்குச் செலவு செய்வது, எதற்குப் பயப்படுவது என்பது விளங்கிவிடும்.

சைக்கிள் பம்பும் பம்ப் ஸ்டவ்வும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், சுடும். காற்றைத் திடீரென்று நெருக்கினால் அது சூடாகும். டீசல் எஞ்சினுக்கு இதுதான் அடிப்படை. பெட்ரோல் வண்டியில் இருப்பது போல ஸ்பார்க் பிளக் இதில் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. இந்த அமுக்கத்தைத்தான் மெக்கானிக் 'கம்ப்ரஷன்' என்கிறார். அந்த நெருக்கத்தில் காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரியே போதும். ஆகவே அந்தக் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால் தீக்குச்சி இல்லாமலே பற்றும்.

பீய்ச்சுவது எப்படி? வீட்டில் பழைய பம்ப் ஸ்டவ் இருந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. டேங்கில் காற்றடித்து அழுத்தம் ஏற்றினால் மண்ணெண்ணெய் ஒரு ஊசித்துளை வழியாகச் சீறி வரும். துளை சரியாக இருந்தால் நீல நெருப்பு. அடைத்தாலோ அகன்றாலோ மஞ்சள் நெருப்பு, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. டிராக்டரில் அந்த ஊசித்துளையின் வேலையைச் செய்வது நாசில். அழுத்தம் கொடுப்பது டீசல் பம்ப். சாதாரண மெக்கானிக்கல் பம்ப் உள்ள மினி டிராக்டரில் நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல இது ஏறக்குறைய 100 மடங்கு. பன்னீர் சொம்பில் தெளிப்பது போல டீசல் பொடிப்பொடியாகச் சிதற வேண்டும். குழாய் சொட்டுவது போல விழுந்தால் சொட்டின் வெளிப்பக்கம் மட்டும் எரியும், உள்பக்கம் கரியாகும். அந்தக் கரிதான் சைலன்சரில் நாம் பார்க்கும் கறும்புகை.

காற்றின் கணக்கைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். அது முழுதாக எரிய அதன் எடையைப் போல பதினாலரை மடங்கு காற்று வேண்டும், அதாவது 12 கிலோ. கன அளவில் 10,000 லிட்டர். தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரி ஒன்றின் கொள்ளளவு 9,000 லிட்டர். ஒரே ஒரு லிட்டர் டீசலுக்கு ஒரு லாரி நிறையக் காற்று, அதற்கு மேலும் கொஞ்சம்! இதுவும் ஏட்டுக்கணக்குதான், டீசலும் காற்றும் சிலிண்டருக்குள் ஒருபோதும் முழுமையாகக் கலப்பதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். 20 குதிரைத்திறன் அளவுள்ள வண்டி ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) போட்டு உழும்போது மணிக்கு மூன்று லிட்டர் வாக்கில் குடிக்கும். அவ்வளவு காற்றும் ஒரே ஒரு ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போயாக வேண்டும்.

இதுவரை பார்த்ததில் மனதில் நிற்க வேண்டியது: டீசல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும். நிறையக் காற்று, சூடேற்றும் கம்ப்ரஷன், பொடியாகத் தெளிக்கும் நாசில். மூன்றில் எது குறைந்தாலும் புகை. பங்கில் வாங்கிய டீசலின் பெயர் இந்தப் பட்டியலில் இன்னும் வரவில்லை.

கறுப்பு, வெள்ளை, நீலம்

புகையைப் பார்க்கும்முன் வண்டியைப் பத்து நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த நிமிடத்தில் வரும் புகையை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று கூட்டும்போது ஒரு கணம் கறுப்பாக வந்து மறைந்தால் அதுவும் இயல்புதான். லோடு இழுக்கும்போது விடாமல் வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

விடாமல் வரும் கறும்புகை என்றால் உள்ளே போகும் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். செலவில்லாத காரணத்திலிருந்து தேடத் தொடங்குவது புத்திசாலித்தனம். முதலில் ஏர் ஃபில்டர். மணலி பக்கம் டிரெய்லர் லாரிகள் கிளப்பும் தூசியிலும், கோடை உழவிலும் ஓடும் வண்டிக்கு இதைத் தினமும் பார்க்க வேண்டும். பல சிறிய டிராக்டர்களில் இருப்பது ஆயில் பாத் வகை. அடியில் உள்ள கிண்ணத்தில் எஞ்சின் ஆயில் நிற்கும்; உள்ளே வரும் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைக் கழற்றி விரலை விட்டால் அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சேறு இருந்தால் ஆயிலைக் கொட்டிவிட்டு, டீசலில் கழுவித் துடைத்து, குறித்திருக்கும் கோடு வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஊற்றுவது பெரிய தப்பு. கூடுதல் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும், நீலப்புகை வரும். அதிகமாக உறிஞ்சிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மூடினாலும் அடங்காமல் எஞ்சின் வேகமெடுக்கும். காகித ஃபில்டர் என்றால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான அழுத்தத்தில் காற்றடிக்கலாம். தண்ணீரில் அலசக்கூடாது.

அடுத்தது சுமை. ஒரு கியர் குறைத்துப் பாருங்கள், அல்லது ரொட்டவேட்டரின் ஆழத்தை இரண்டு விரல் குறையுங்கள். புகை தெளிந்துவிட்டால் வண்டியில் கோளாறு இல்லை, சக்திக்கு மீறி வேலை வாங்கியிருக்கிறோம். தெளியவில்லையா? நாசிலைக் கழற்றி, பம்ப் சரிசெய்யும் கடையில் டெஸ்டரில் வைத்துத் தெளிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகத்தான் பம்ப்.

பம்ப் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "கொஞ்சம் பிக்கப் ஏத்திக் குடுங்கண்ணே" என்று கேட்டு, பம்பின் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் நிறையவே இருக்கிறது. டீசல் கூடும், காற்று கூடாது. முதல் வாரம் வண்டி பாய்வது போலத் தோன்றும். பிறகு கரி, சூடு, பிஸ்டன் தேய்மானம். 'புகை வந்தால் இழுக்கிறது' என்ற நம்பிக்கை பிறந்த இடம் இதுதான். வெளியே போகும் கரி, காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட டீசல்.

வெள்ளைப்புகை வேறு கதை. தெளித்த டீசல் பற்றாமலே ஆவியாக வெளியேறுவது அது. கண்ணெரியும், மூக்கைத் துளைக்கும். மார்கழிக் காலையில் ஓரிரு நிமிடம் வந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது, குளிரில் அதுவும் வெள்ளையாகத் தெரியும். வண்டி சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், பம்ப் டைமிங் தள்ளியிருக்கலாம், டீசலில் தண்ணீர் இருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போய், எஞ்சின் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு மாறியிருந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காரணம், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வ் ஏறி இறங்கும் குழலான வால்வ் கைடு தேய்ந்திருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி ஆயில் ஊற்றியிருக்கலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். 'குப்குப்' என்று புகை அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது. எந்தப் பங்குக்கு மாறினாலும் அது சரியாகாது.

நிறமில்லாத பகுதி

சைலன்சரில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்ற எண்ணம் கறும்புகையை விடக் கெடுதலானது. தெரியாதவை மூன்று.

ஒன்று கார்பன் மோனாக்சைடு. காற்று போதாமல் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் வாயு. நிறமும் மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், பிறகு மயக்கம். பெட்ரோல் எஞ்சினை விட டீசல் எஞ்சின் இதைக் குறைவாகவே வெளியிடும். அந்தத் தைரியத்தில்தான் ஷட்டரைப் பாதி இறக்கிய குடோனுக்குள் வண்டியை ஓடவிட்டு மூட்டை இறக்குகிறார்கள். அடைத்த இடத்தில் குறைவும் சேர்ந்துகொண்டே போகும். அதுவும் ஏர் ஃபில்டர் அடைத்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு, நைட்ரஜன் ஆக்சைடுகள். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது எதிலும் தலையிடாது. சிலிண்டருக்குள் நெருப்பு மிகச் சூடாக எரியும்போது மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். மூச்சுக்குழாயை எரிக்கும் வாயுக்கள் இவை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நன்றாக, சூடாக எரிந்தால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். சூட்டைக் குறைத்தால் இது குறையும், கரி கூடும். பூங்காவில் இருக்கும் சீசா பலகை மாதிரி. புகையே தெரியாத வண்டி சுத்தமான வண்டி என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

மூன்று, நுண்துகள். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டீசல் கரித்துகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே. மூக்கு முடியில் தங்காது, சளியோடு வெளியே வராது, நேராக நுரையீரலின் அடி வரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் எஞ்சின் புகையை முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது என்பதே அந்தப் பிரிவின் பொருள். பிரிவில் உள்ள எல்லாமே ஒரே அளவு ஆபத்து என்று அல்ல. எவ்வளவு புகை, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். தினமும் எட்டு மணி நேரம் சைலன்சருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும், ரோட்டில் கடந்து போகிறவருக்கும் ஒரே கணக்கு இல்லை.

பிஎஸ்-6: ஆறு பேரலில் ஒண்ணேகால் பவுன்

இனி டீசலுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கப் பங்குகளில் கிடைப்பது பிஎஸ்-6 தர டீசல். இந்த மாற்றத்தின் மையம் கந்தகம். பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் கந்தகம் கலந்தே வரும். மணலியில் இருப்பது போன்ற சுத்திகரிப்பு ஆலைகள் அதைப் பிரித்தெடுக்கின்றன. பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 200 லிட்டர் பேரல் ஆறு அடுக்கினால் ஏறக்குறைய ஒரு டன் டீசல். அதில் 10 கிராம், அதாவது ஒண்ணேகால் பவுன் எடை கந்தகம். அதற்கு முந்தைய பிஎஸ்-4 டீசலில் 50 கிராம். பிஎஸ்-3 காலத்தில் 350 கிராம்.

கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு. அது நீராவியோடு சேர்ந்து அமிலமாகி ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரான லைனரையும் அரிக்கும். துகளாகியும் வெளியே வரும். லாரிகளின் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் கருவிகளும் கந்தகம் பட்டால் கெட்டுப்போகும். கந்தகத்தை இவ்வளவு குறைத்ததற்கு முக்கியக் காரணமே அந்தக் கருவிகள்தான்.

இங்கேதான் பெரிய குழப்பம். டீசல் பிஎஸ்-6 என்பதால் அதை ஊற்றிய வண்டியும் பிஎஸ்-6 ஆகிவிடாது. டிராக்டர்களுக்கு 'ட்ரெம்' என்று தனி விதி வரிசை உண்டு. அதில் நான்காம் நிலை 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு வந்தது. அதற்குக் கீழே உள்ளவை பழைய 3ஏ நிலையிலேயே தொடர அனுமதிக்கப்பட்டன. அதாவது மினி டிராக்டரின் சைலன்சரில் பொதுவாகக் கரி பிடிக்கும் வலையும் கிடையாது, லாரிக்கு ஊற்றும் யூரியா கரைசலுக்கு வேலையும் கிடையாது. (அந்தக் கரைசலை 'டீசல் சுத்தம் செய்யும் மருந்து' என்று நினைத்து டீசல் டேங்கில் ஊற்றினால் டேங்க் முதல் நாசில் வரை எல்லாம் பாழ்.) கந்தகம் குறைந்த டீசலால் உங்கள் வண்டிக்கும் லாபம் உண்டு: அமிலம் குறையும், எஞ்சின் ஆயில் தாங்கும், துகளில் ஒரு பங்கு குறையும். ஆனால் கரி குறையாது. கரி காற்றின் பிள்ளை, கந்தகத்தின் பிள்ளை அல்ல.

'பசை இல்லாத டீசல்' என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் குறைகிறது. டீசல் பம்புக்குத் தனி ஆயில் பெரும்பாலும் கிடையாது, டீசலேதான் அதற்கு ஆயில். ஆகவே ஆலையிலேயே வழுவழுப்புக்கான சேர்மானம் கலந்துதான் அனுப்புகிறார்கள். எஃகுக் குண்டு ஒன்றை டீசலுக்குள் உரசவிட்டு, அதில் விழும் தழும்பு 460 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்று தர விதியே இருக்கிறது. நாம் 2டி ஆயில் ஊற்ற வேண்டிய அவசியமில்லை. ஊற்றினால் கரிதான் கூடும்.

சுருக்கமாக: பிஎஸ்-6 என்பது கந்தகத்தைப் பற்றிய பேச்சு. உங்கள் வண்டியின் கறும்புகையைப் பற்றியது அல்ல.

டீசலின் உண்மையான எதிரி

கலப்படத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடலோரத்தில் ஓடும் வண்டியில் பம்பைக் கொல்வதில் தண்ணீருக்கே முதலிடம் கொடுப்பேன்.

எண்ணூர், மீஞ்சூர் பக்கத்துக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. ஜில்லென்ற மோர் டம்ளரின் வெளியே முத்து முத்தாக வியர்க்கிறதே, அதேதான் பாதி காலியான டீசல் டேங்குக்குள் இரவில் நடக்கிறது. டேங்கின் மேல்பகுதியில் உள்ள காற்று குளிர்ந்து, தகட்டில் நீர்த்துளி படிந்து, வழிந்து அடியில் சேர்கிறது. தண்ணீர் டீசலை விட எடை கூடியது, அடியில் தங்கும். டீசல் குழாய் கிளம்புவதும் அடியிலிருந்துதான். பம்புக்குள் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. அந்த இடத்தில் டீசல் போல வழுக்காமல் தண்ணீர் போனால் உரசும், துருப்பிடிக்கும். இன்னொன்று, தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர் வளரும். பாசி போன்ற கொழகொழப்பு ஃபில்டரை அடைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கம் வெள்ளம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டியை டேங்கை முழுக்க வடிக்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

மருந்து எளிது. வேலை முடிந்து மாலையில் டேங்கை நிரப்பி வையுங்கள், காலையில் நிரப்பும் பழக்கத்தை விடுங்கள். நிறைந்த டேங்கில் வியர்க்க இடமில்லை. ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் உள்ள வண்டி என்றால் வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் தினமும் அதைப் பாருங்கள். அடியில் கண்ணாடிக் குண்டு போல உருண்டு நிற்பது தண்ணீர். டேங்கின் வடிகால் திருகை, இரவு முழுக்க வண்டி அசையாமல் நின்ற பிறகு காலையில் திறந்து ஒரு டம்ளர் அளவு வடித்துவிடுங்கள்.

கிண்ணம் கழற்றினாலும் ஃபில்டர் மாற்றினாலும் லைனில் காற்று புகுந்துவிடும். காற்று இருந்தால் வண்டி கிளம்பாது. இதைத்தான் 'ஏர் லாக்' என்கிறார்கள். முதல் ஃபில்டரின் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கையால் அடிக்கும் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை முறுக்குங்கள். பிறகு இரண்டாம் ஃபில்டர், அதற்குப் பிறகு பம்ப், இதே வரிசை. இன்னும் கிளம்பவில்லை என்றால் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிக்கலாம். அப்போது விரலை அங்கே வைத்துப் பார்க்காதீர்கள். நாசில் தெளிப்பு தோலைக் கிழித்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். 'ஒண்ணும் இல்ல' என்று துடைத்துவிட்டுப் போகாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

பங்கில் எதைப் பார்ப்பது

நிறத்தையும் மணத்தையும் வைத்துத் தரம் சொல்ல முடியாது. ஃபில்டர் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை பெட்ரோலுக்கானது. டீசலுக்கு அது எதையும் காட்டாது. டீசலுக்குக் கேட்க வேண்டியது அடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டர் டீசலின் எடை எத்தனை கிலோ என்பது.

பங்கில் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். உதாரணமாக 832. அது 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்ட எண். சென்னையில் 15 டிகிரி ஏது? 32 டிகிரியில் அளந்தால் அதே நல்ல டீசல் 820 காட்டும், ஏனென்றால் ஒவ்வொரு டிகிரிக்கும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அடர்த்தி இறங்கும். இது தெரியாமல் அடர்த்தி அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு 'பன்னெண்டு குறையுது' என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. பங்கில் இருக்கும் மாற்று அட்டவணையில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அட்டவணைப்படி மாற்றிய எண்ணுக்கும் எழுதியிருக்கும் எண்ணுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஹைட்ரோமீட்டர், ஜாடி, தெர்மாமீட்டர் எல்லாம் பங்கிலேயே வைத்திருக்க வேண்டும். அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுச் சொம்பில் பிடித்துக் காட்டச் சொல்லலாம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. அடர்த்தி 800 உள்ள மண்ணெண்ணெயை 832 டீசலில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 6 குறையும், மாட்டிக்கொள்வார்கள். பத்தில் ஒரு பங்கு மட்டும் கலந்தால் 3 அளவில்தான் குறையும், தப்பிக்க வாய்ப்புண்டு. மண்ணெண்ணெய் கலந்தால் புகை கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சில நேரம் குறையக்கூடச் செய்யும்! அதற்கு வழுவழுப்பு குறைவு. தேய்வது பம்பும் நாசிலும். தேய்ந்த நாசில் சொட்டத் தொடங்கிய பிறகுதான் கறும்புகை வரும். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும், எந்தப் பங்கின் டீசல் என்று யாருக்கும் நினைவிருக்காது. டீசல் தரமும் புகையும் சந்திக்கும் இடம் இதுதான்.

மண்ணெண்ணெய்க் கலப்பால் இன்னொரு விளைவும் உண்டு. டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு 'சீட்டேன்' என்று பெயர். குறைந்தது 51 இருக்க வேண்டும். கலப்பால் அது குறைந்தால், தெளித்த டீசல் சற்றுத் தாமதித்து மொத்தமாகப் பற்றும். எஞ்சின் 'கடகட'வென்று தட்டும். காது பழகியவருக்குப் புகைக்கு முன்பே சத்தம் சொல்லிவிடும்.

டேங்கர் லாரி வந்து நிலத்தடித் தொட்டியில் இறக்கும் நேரத்தில் போடாதீர்கள். அடியில் கிடக்கும் கசடும் நீரும் அப்போது கலங்கியிருக்கும்; ஒரு மணி நேரம் கழித்துப் போவது நல்லது. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வைத்து, காலை வெளிச்சத்தில் அடியைப் பாருங்கள். நல்ல டீசல் தெளிவாக இருக்கும். தண்ணீரும் மண்ணும் இருந்தால் காட்டிக்கொடுக்கும். கலப்படம் இதில் தெரியாது.

கேனில் மலிவாக வரும் எண்ணெய்

துறைமுகம் இருக்கும் ஊரில் மலிவு எண்ணெய்ப் பேச்சு ஓயாது. இரண்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வரிவிலக்கோடு கிடைப்பது தரம் குறைந்த டீசல் அல்ல, வரி இல்லாத டீசல். படகுக்கு ஒதுக்கியதை வண்டியில் ஊற்றுவதில் சிக்கல் எஞ்சினுக்கு இல்லை, சட்டத்தில். 'கப்பல் எண்ணெய்' என்று சொல்லி யாராவது கேனில் கொடுப்பது அப்படியல்ல. பெரிய கப்பல்களின் எரிபொருளில் 2020 முதல் உலக அளவில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் அரை சதவீதம். அதே ஆறு பேரல் கணக்கில் 5 கிலோ! ஒண்ணேகால் பவுன் எங்கே, 5 கிலோ எங்கே. அதன் கெட்டித்தன்மையும் மினி டிராக்டர் நாசிலுக்கு ஒத்துவராது.

டீசலைப் பேரலில் வாங்கி வைப்பவர்கள் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. தொட்டியைத் தவிர்க்க வேண்டும். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து சோப்பு போன்ற பசையை உண்டாக்கி ஃபில்டரை அடைக்கும். நிழலில், செங்கல் மேல், மூடிப்பக்கம் சற்று உயர்ந்திருக்குமாறு சாய்த்து வையுங்கள். கசடு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அடியில் நான்கு விரல் அளவை எடுக்காமல் விட்டுவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீரும் அளவுக்கு வாங்கினால் போதும்.

புகைக்கு நடுவில் வேலை

சைலன்சர் மேல்நோக்கி இருந்தால் ஓட்டுகிறவரின் முகத்துக்கு மேலே முடிய வேண்டும். தோட்ட வேலைக்கென்று வரும் சில மாடல்களில் அது பக்கவாட்டிலோ கீழேயோ திரும்பியிருக்கும். மரக்கிளை தட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. அந்த வண்டியில் ஓட்டுகிறவர் தப்பிப்பார், கூடவே நடந்து வேலை செய்கிறவர் மாட்டிக்கொள்வார். சைலன்சர் இணைப்பில் கரிக்கோடு தெரிந்தால் கேஸ்கெட் கசிகிறது என்று பொருள், புகை முழுதும் சீட்டுப் பக்கம் வரும். மாற்றும் செலவு சொற்பம்.

கோடையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். லோடு ஏற்றும்போது ஆட்கள் வண்டிக்குக் கிழக்கே நிற்கும்படி நிறுத்தினால் புகை மேற்கே போய்விடும். விடியற்காலையில் காற்று திரும்பியிருக்கும், அப்போது மேற்கே நிற்க வேண்டும். மார்கழி, தைக் காலைகளில் காற்றே அசையாது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல நிற்க, கீழே புகை தங்கிவிடும். போகியன்று வட சென்னை முழுக்கப் பார்க்கிறோமே, அதே நிலைதான் சின்ன அளவில் ஒரு டிராக்டரைச் சுற்றியும் உண்டாகும். அந்த நேரத்தில் வண்டியைச் சும்மா ஓடவிடாதீர்கள். நீண்ட நேரம் லோடு இல்லாமல் ஓடினால் சிலிண்டர் சூடு குறைந்து டீசல் முழுதாக எரியாமல் நாசிலில் கரி கட்டும், எஞ்சின் ஆயிலிலும் டீசல் இறங்கும்.

கைக்குட்டை கட்டினால் வாயு நிற்காது. என்-95 முகக்கவசம் துகளைப் பெருமளவு தடுக்கும், கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடையும் தடுக்காது. மூடிய இடத்தில் ஒரே வழி, எஞ்சினை நிறுத்திவிட்டு வேலை செய்வது. யாருக்காவது தலை சுற்றினால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தூக்கப் போகிறவரும் உள்ளே நின்று நேரம் கடத்தக்கூடாது.

பேரலிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சி டீசல் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு மடக்கு வயிற்றுக்குள் போவதை விட, சில சொட்டு நுரையீரலுக்குள் போவது கொடியது; நெஞ்சில் நிமோனியா போன்ற அழற்சி வரும். அப்படி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, வெளியே வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். வாயைக் கொப்பளிக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பேரலுக்கென்று கையால் சுற்றும் பம்ப் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது.